பத்து நிமிடத்துக்கு ஒரு முறை

என் தம்பி எந்த நோயாளியிடமும் "வலிக்குதா?" என்று கேட்பதில்லை. "எங்க, ஒரு தடவ இருமுங்க" என்பான். வயிற்றில் கட்டோடு படுத்திருப்பவரைப் போய் இருமச் சொல்கிறானே, இவனுக்கு ஈவிரக்கமே கிடையாதா என்று பக்கத்தில் இருப்பவர்கள் முறைப்பார்கள். நானும் முதல் தடவை முறைத்திருக்கிறேன்.

அவன் சொன்ன காரணம் இது. வலிக்குதா என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் "பரவாயில்லைங்க" என்பார்கள். சிலருக்கு டாக்டர் மனம் நோகக் கூடாது. சிலருக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும். சிலருக்கு, வலி மருந்து உடம்புக்குப் பழகிவிடும் என்று பயம். வாய் பரவாயில்லை என்று சொல்லிவிடும். இருமச் சொன்னால்தான் கை தானாகத் தையல்மேல் போய் நிற்கும், கால் விரல்கள் மடங்கும், மூச்சு பாதியில் நின்றுவிடும்.

"இருமப் பயப்படறவங்களுக்கு மூணாம் நாள் நெஞ்சுல சளி கட்டிக்கும்க்கா. வலியப் பொறுத்துக்கிட்டா நல்ல மனுஷன்னு பேரு கிடைக்கும், கூடவே காய்ச்சலும் கிடைக்கும்" என்பான்.

அவன் ஒரு பெரிய மருத்துவமனையில் வலி நர்ஸ். அப்படி ஒரு வேலை இருப்பதே எனக்கு வெகுநாள் புரியவில்லை. அறுவை அரங்கில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர்கள் நோயாளியைத் தூங்க வைத்து, தூங்கும்போது காவல் இருந்து, பிறகு எழுப்பிவிடுவார்கள். எழுந்தபின் வரும் வலிக்கு ஒரு ஆள் வேண்டுமல்லவா? அந்த ஆள் இவன். காலையிலும் மாலையிலும் நான்கு வார்டுகளைச் சுற்றி வருவான். இவனுக்கு மேலே ஒரு மயக்க டாக்டரம்மா. அவர் எழுதுகிற மருந்து எந்தக் கட்டிலில் யாருக்கு எவ்வளவு கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என்று பார்த்துச் சொல்வது இவன் பொறுப்பு.

"உன் தம்பி என்ன உத்தியோகம் பாக்கறான்?" என்று யாராவது கேட்டால் நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் முந்திக்கொள்வார். "அடுத்தவன் வலிய வேடிக்கை பாக்கறான். அதுக்குச் சம்பளம் வேற."

தம்பியும் விடமாட்டான். "மாமா, நீங்க பஸ் ஓட்டும்போது பின்னாடி அம்பது பேர் படற வலிக்கு யார் சம்பளம் தர்றாங்க?"

எனக்கும் அவனுக்கும் எட்டு வயது வித்தியாசம். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, சட்டை தைக்கிற கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனேன். பிசிறு இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, காலர் இரண்டு பக்கமும் சமமா என்று பார்த்து அனுப்புவது என் வேலை. அவன் படித்தான். படித்ததைவிடக் கேட்டது அதிகம். வீட்டில் அவனுக்குக் கொக்கி என்று பெயர். ஒரு கேள்வியை மாட்டினால் ஆளை இழுக்காமல் விடமாட்டான்.

பத்து வயதில் சுவரிலிருந்து குதித்து முழங்கையை உடைத்துக்கொண்டான். எலும்பைச் சேர்த்து வைக்க மயக்கம் கொடுத்தார்கள். மயக்கம் கொடுத்தவர் பத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணச் சொன்னாராம். எழுந்ததும் எல்லாப் பிள்ளைகளும் தண்ணீர் கேட்பார்கள், அம்மாவைக் கேட்பார்கள். இவன் என்னைப் பார்த்து, "அக்கா, எட்டு வரைக்கும் எண்ணினேன். ஏழு எங்க போச்சு?" என்று கேட்டான்.

தூங்கிட்டே என்றேன். அது தூக்கம் இல்லை என்று சண்டைக்கு வந்தான். தூக்கத்தில் எறும்பு கடித்தால் முழிப்பு வருகிறது, கையை அறுத்துத் தைத்திருக்கிறார்கள், எப்படி முழிப்பு வராமல் போகும்? எலும்பு வலிச்சிருக்குமா, எனக்குத்தான் சொல்லலையா? சொல்லாத வலி வலியா? கட்டுப் பிரிக்கிற நாள்வரை இதே பேச்சு. கட்டுப் பிரித்த அன்று அந்த மயக்க டாக்டரையே தேடிப் போய்க் கேட்டான். அவர் கால்மணி நேரம் நின்று பதில் சொன்னார். பாதிக்கு மேல், "அது எங்களுக்கே முழுசாத் தெரியாதுடா" என்பதுதான் பதில். பெரியவர் ஒருவர் தெரியாது என்று சொன்னது அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது.

நர்ஸ் படிப்பை முடித்து முதலில் அறுவை அரங்கு வாசலில் வேலை. உள்ளே போகிறவர் வெறும் வயிறா என்று சரிபார்க்க வேண்டும். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்பார்கள். இவன் அப்படிக் கேட்கமாட்டான். "கடைசியா வாயில என்ன போட்டீங்க?" என்பான். ஒருவர், "காலைல ரெண்டு பிஸ்கட்டு. அது சாப்பாடா தம்பி?" என்றாராம். அன்றைக்கு அவர் அறுவை தள்ளிப்போனது. மனைவி அவரை வார்டு முழுக்கக் கேட்கும்படி வாங்கு வாங்கென்று வாங்கினார். ஆள் முழுசாக வீடு திரும்பினார்.

வலிப் பிரிவுக்கு மாறியபின் அவனுக்கு இன்னொரு பைத்தியம் பிடித்தது. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலிக்கு மார்க் போடச் சொல்லிக் கேட்பது மருத்துவமனை வழக்கம். "எனக்கென்ன தம்பி தெரியும், நீங்களே பாத்துப் போட்டுக்குங்க" என்பவர்களிடம் என்ன செய்வது? அவன் சொல்லாகக் கேட்க ஆரம்பித்தான். குத்துதா, குடையுதா, பிசையுதா, விண்விண்ணு தெறிக்குதா, இழுத்துப் பிடிக்குதா, காந்துதா? ஒவ்வொன்றுக்கும் வேறு மருந்து என்று அவன் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தையல் இடம் விண்விண் என்றால் ஒன்று. வயிறு பிசைந்தால் வேறு. சுருக் சுருக்கென்று கரண்டு அடித்தால் அது நரம்பு; சாதாரண வலி மாத்திரை அதன் பக்கத்தில்கூடப் போகாது.

மரம் அறுக்கும் கடைக்காரர் ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுத்த காலின் பெருவிரல் காந்துகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இல்லாத விரல் எப்படிக் காந்தும் என்று அவர் மகனே திட்டினான். தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நகத்துப் பக்கமா, அடிப்பக்கமா?" என்று கேட்டான். அந்த மனிதர் அழுதுவிட்டார். வலி நின்றதாலில்லை, அது அப்புறம்தான் நின்றது. எந்தப் பக்கம் என்று ஒருத்தன் கேட்டானே, அதற்காக.

இப்படிப்பட்டவன் மூன்று வருடமாக ஒன்றுக்காக நடையாக நடந்தான். வலி பம்ப்.

கம்பத்தில் மாட்டுகிற சின்னப் பெட்டி அது. உள்ளே கடுமையான வலி மருந்து. ஒரு ஒயரும், நுனியில் அழைப்புமணிக்கு இருப்பதுபோல ஒரு பட்டனும். வலிக்கும்போது நோயாளியே அழுத்திக்கொள்ளலாம். சிறு அளவு மருந்து ரத்தக் குழாய்க்குள் போகும். நர்ஸைக் கூப்பிட்டு, அவர் சாவி எடுத்து, மருந்து எடுத்து, ஊசி போடும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டாம். அறுவைப் பிரிவின் பெரிய டாக்டருக்கு இதில் இஷ்டமில்லை. "மருந்தை நோயாளி கையில குடுத்துட்டு நாம என்ன செய்யறது?" என்பார். மயக்க டாக்டரம்மா விடாமல் பேசி ஆறு மாதத்துக்கு நான்கு பம்புகள் வாங்கினார். ஆறு மாதம் பார்ப்பது, ஏதாவது ஒன்று தப்பானால் நான்கையும் எடுத்துவிடுவது என்று பேச்சு. ஐந்தாவது மாதம்வரை முப்பத்தெட்டு நோயாளிகள். ஒரு குறை இல்லை. தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தால் அந்தப் பெட்டிப் புராணம்தான். "நூறு தடவ அழுத்தினாலும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவதான் மருந்து போகும்க்கா. அவ்வளவு புத்திசாலி."

முப்பத்தொன்பதாவது ஆள் என் கணவர்.

பெருங்குடலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு இணைக்க வேண்டும் என்றார்கள். காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஒன்று நாற்பதுக்கு வார்டுக் கட்டிலுக்கு வந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய், வயிற்றில் மார்பெலும்புக்குக் கீழே தொடங்கி நீளமாக ஒரு கட்டு. தம்பியே பம்பை மாட்டினான். பட்டனை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டான்.

"மாமா, வலிச்சா நீங்களே அழுத்துங்க. வெட்கப்படாதீங்க."

"போடா. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன். பட்டன் அழுத்திதான் வலிய எறக்கணுமா? அடுத்த ஸ்டாப்புல அதுவா எறங்கும்."

"அது எறங்காது மாமா, சீசன் டிக்கெட் வெச்சிருக்கு."

அப்போது மாடி வார்டிலிருந்து அவனுக்கு அழைப்பு வந்தது. பம்ப் மாட்டினால் கூட இருப்பவர்களை உட்கார வைத்து ஒரு பேச்சுப் பேசுவான். முப்பத்தெட்டுக் குடும்பத்துக்கும் பேசியிருக்கிறான். அன்று என் தோளைத் தட்டி, "உனக்கு நான் என்னக்கா சொல்றது? என் பாட்டைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சிருக்குமே" என்றான். நானும் போடா போடா என்று தலையாட்டினேன்.

அவர் அழுத்தவில்லை. கூரையைப் பார்த்தபடி விறைப்பாகக் கிடந்தார். கீழுதட்டைக் கடித்துக்கொள்வது எனக்குத் தெரிந்தது. போர்வைக்குள் கால் விரல்கள் மடங்கியிருந்தன.

"அழுத்துங்களேன்."

"வலியே இல்லடி."

"எங்க, இருமுங்க பாக்கலாம்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் திறந்து, "இந்தா, நீயே வெச்சுக்கோ. நான் குடுத்தேன்னு உன் தம்பிகிட்டச் சொல்லாதே" என்றார்.

இரண்டு பத்துக்கு முதல் தடவை அழுத்தினேன். பம்ப் ஒரு சின்னச் சத்தம் போட்டது. கொஞ்ச நேரத்தில் அவர் உதடு தளர்ந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மருந்து போகும் என்று தம்பி சொல்லியிருக்கிறான் அல்லவா? அப்படியென்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். என் கைக்கடிகாரத்தைப் பார்த்து இரண்டு இருபது, இரண்டு முப்பது என்று அழுத்தினேன். இரண்டு ஐம்பதுக்கு அவர் கண் செருகியது. தூங்கட்டும் என்று மெதுவாகப் போர்வையை இழுத்துவிட்டேன். மூன்று மணிக்கு அழுத்தினேன். குறட்டை வந்தது. பதினைந்து வருடமாக என்னைத் தூங்கவிடாத அந்தக் குறட்டை அன்றைக்கு இனிமையாக இருந்தது. மூன்றரைக்கு வார்டு நர்ஸ் வந்து எட்டிப் பார்த்து, "நல்லாத் தூங்கறாரே" என்று எழுதிக்கொண்டு போனார். பட்டன் என் கைக்குள் இருந்தது; நர்ஸ் பார்க்கவில்லை. பிறகு அடுத்த கட்டிலில் ஒருவர் வாந்தி எடுக்க ஆரம்பித்ததால் அவர் அங்கேயே நின்றுவிட்டார்.

குறட்டைகளுக்கு இடையே இடைவெளி கூடிக்கொண்டே போனது. நல்ல அசதி என்று நினைத்தேன். நான்கு முப்பதுக்கு அழுத்தினேன். நான்கு நிமிடம் கழித்துத் தம்பி வந்தான்.

வழக்கமாகச் சிரித்துக்கொண்டே வருவான். கட்டில் அருகே வந்ததும் சிரிப்பு நின்றது. அவர் முகத்தை அவன் பார்க்கவில்லை, நெஞ்சைப் பார்த்தான். தன் கடிகாரத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றான். ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் அவர் ஆறு தடவைதான் மூச்சு விட்டார்.

"மாமா! மாமா! கண்ணத் திறங்க! மூச்சு இழுங்க!"

தோளைப் பிடித்து உலுக்கினான். ஒரு கையால் பம்பை நிறுத்தினான், இன்னொரு கையால் தாடையைத் தூக்கிப் பிடித்தான். யாரையோ கத்திக் கூப்பிட்டான். ஆக்சிஜன் முகமூடி வந்தது. மயக்க டாக்டரம்மா செருப்புச் சத்தத்தோடு ஓடி வந்தார். மருந்தை முறிக்கிற ஊசி என்று சொல்லி ரத்தக் குழாயில் ஏற்றினார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

இரண்டு நிமிடம் இருக்கும். அவர் கண்ணைத் திறந்து, "ஏண்டா கத்தறே? ஸ்டாப்பிங் வந்துடுச்சா?" என்றார். அடுத்த மூச்சிலேயே "அய்யோ" என்று வயிற்றைப் பிடித்தார். முறிக்கிற மருந்து தூக்கத்தோடு வலி நிவாரணத்தையும் முறித்துவிடுமாம். இரண்டரை மணி நேரமாக எங்கோ நின்றிருந்த வலி மொத்தமாக வந்து இறங்கியது. எனக்கு அது உயிர் திரும்பி வந்த சத்தம்.

அன்று மாலையே பெரிய டாக்டர் நான்கு பம்புகளையும் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார். மெஷின் தப்பா, மாட்டினவன் தப்பா என்று மறுநாள் பதினோரு மணிக்குப் பேசுவதாகச் சொல்லிவிட்டார். வெளி வராந்தாவில் தம்பியைப் பார்த்ததும் நான் வெடித்தேன்.

"புத்திசாலி மெஷின்னியே! கொல்லப் பாத்துச்சே உன் புத்திசாலி!"

நான் சொன்னது எவ்வளவு பெரிய அநியாயம் என்று எனக்கு அப்போது தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவன் ஒரு தாளோடு வந்தான். கண்கள் சிவந்திருந்தன, ஆனால் அந்தப் பழைய கொக்கி முகம். புதிதாக ஏதோ கிடைத்தால் அப்படித்தான் இருப்பான். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருந்த பெஞ்சில் என்னை உட்கார வைத்தான்.

"இந்தப் பெட்டி எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கும்க்கா. எப்போ அழுத்தினாங்க, எத்தனை தடவன்னு. இதைப் பாரு. இது போன மாசம் ஒருத்தரோடது. மூணு தடவ டக்டக்னு அழுத்தியிருக்கார், அப்போ திரும்பிப் படுத்திருப்பார். அப்புறம் அம்பது நிமிஷம் ஒண்ணும் இல்லை. அப்புறம் ஒண்ணு. வலி இப்படித்தான் வரும். அதுக்குக் கடிகாரம் பாக்கத் தெரியாது."

அடுத்த தாளை வைத்தான்.

"இது மாமாவோடது. ரெண்டு பத்து. ரெண்டு இருபது. ரெண்டு முப்பது. நாலரை வரைக்கும் பதினஞ்சு தடவ. ஒண்ணுகூட முன்ன இல்லை, பின்ன இல்லை. தையல் மெஷின்ல அடிச்ச மாதிரி இருக்கு. வலியில இருக்கறவன் இப்படி அழுத்தவே முடியாது. தூங்கறவன் அழுத்தவே முடியாது. ராத்திரி பூரா யோசிச்சேன். இந்த உலகத்துல இவ்வளவு கரெக்டா வேலை செய்யற ஒரே ஆளுதான் எனக்குத் தெரியும்."

அவன் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"நான்தான் அழுத்தினேன்" என்றேன். "அவர் குடுத்தார். ஒண்ணுகூட விட்டுடக் கூடாதுன்னு..."

"தெரியும். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அவர் தூங்கினப்புறம் என்ன நினைச்சு அழுத்தினே? நிஜமாத் தெரிஞ்சுக்கணும்னு கேக்கறேன்."

யோசித்துப் பார்த்துச் சொன்னேன். "தூங்கறார்னா மருந்து வேலை செய்யுதுன்னு நினைச்சேன். நிறுத்தினா வலி முழிச்சுக்கும்னு நினைச்சேன்."

"வலி முழிச்சுக்கும்" என்று அவன் மெதுவாகத் திரும்பச் சொன்னான். "மூணு வருஷமா இதப் பத்திப் படிக்கறேன், இது எனக்குத் தோணவே இல்லை." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "அந்தப் பெட்டிக்கு ரெண்டு பூட்டுக்கா. ஒண்ணு பத்து நிமிஷம். இன்னொண்ணு நோயாளியோட தூக்கம். மருந்து கொஞ்சம் அதிகமானாலே தூக்கம் வரும், தூங்கினா விரல் அழுத்தாது, அழுத்தலைன்னா மருந்து நின்னுடும். அதனாலதான் அந்தப் பட்டனை வலிக்கிற கை மட்டும்தான் தொடணும். நீ பாசத்துல ரெண்டாவது பூட்டைத் திறந்துட்டே. அதத் திறக்காதேன்னு நான் உனக்குச் சொல்லலை. எல்லார்கிட்டயும் சொன்னேன், உன்கிட்டச் சொல்லலை."

பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு தடவைகூட அவர் நெஞ்சைப் பார்க்கவில்லை.

"நீ உள்ள வரவேணாம்" என்றான். "குடும்பத்துக்குச் சொல்லாம விட்டது நான். அத நான் சொல்லிக்கறேன்."

"அதச் சொன்னா பம்ப் திரும்பி வருமா?"

அவன் தாள்களை மடித்துக்கொண்டு எழுந்தான். வராது என்று எனக்கே புரிந்தது. பட்டனை அழுத்துவது யார் என்று மெஷின் பார்க்காது, இவனும் சொல்லாமல் விட்டுவிடுவான் என்றால் பெரிய டாக்டர் முதல் நாளிலிருந்து சொன்னதுதான் சரி என்றாகிவிடும். மூன்று வருட நடை போய்விடும். அடுத்து வயிறு தைத்து வருகிறவர்கள் பழையபடி ஊசிக்காகக் கதவையே பார்த்துக்கொண்டு கிடப்பார்கள்.

"அழுத்தினது என் கை" என்றேன். "என் கைக்கு நீ ஏன் கையெழுத்துப் போடறே?" எழுந்து அவனுக்கு முன்னால் நடந்தேன்.

பெரிய டாக்டர் அறையில் அவரும் மயக்க டாக்டரம்மாவும் வார்டு தலைமை நர்ஸும் இருந்தார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன். ஆரம்பத்திலிருந்து, மணி முதற்கொண்டு. எனக்கு அப்படித்தான் சொல்லத் தெரியும்.

"உங்கள யாரு அழுத்தச் சொன்னது?" என்றார் பெரிய டாக்டர்.

"யாரும் சொல்லலைங்க. என் வீட்டுக்காரர் குடுத்தார். தொடக் கூடாதுன்னு எனக்குத் தெரியாது."

"அது என் தப்பு சார்" என்றான் தம்பி. "முப்பத்தெட்டுப் பேர்கிட்டச் சொன்னதை என் அக்காகிட்டச் சொல்லலை. தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

பெரிய டாக்டர் தாளைப் புரட்டினார். "ஆக, மெஷின் சரி. மனுஷங்கதான் கோளாறு."

"மனுஷங்க இல்லாத வார்டு இருந்தாச் சொல்லுங்க சார், நாளைக்கே அங்க மாட்டிடறேன்" என்றார் டாக்டரம்மா. தலைமை நர்ஸ் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார்.

பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "அவர் தூங்கறார்னு தெரியுது. அப்புறமும் ஏன்ம்மா நிறுத்தலை?"

தம்பிக்குச் சொன்னதையே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "நர்ஸ் வந்து நல்லாத் தூங்கறார்னு எழுதியிருக்காங்க. நானும் ரவுண்ட்ஸ் வந்திருந்தா அதத்தான் சொல்லியிருப்பேன்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

அரை மணி நேரம் எங்களை வெளியே நிற்க வைத்துப் பேசினார்கள். முடிவு இப்படி வந்தது. நான்கில் இரண்டு பம்புகள் அலமாரியிலேயே இருக்கும். இரண்டு மட்டும் வார்டுக்குத் திரும்பும், இன்னும் மூன்று மாதம் பார்ப்பார்கள். பம்ப் மாட்டியவருக்கு மணிக்கொரு தடவை மூச்சை எண்ணி எழுத வேண்டும்; தூங்கினாலும் எழுப்பிப் பார்க்க வேண்டும். கூட இருப்பவரிடம் தம்பி சொன்னால் மட்டும் போதாது. அவர் திருப்பிச் சொல்லிக் காட்டிய பிறகுதான் பட்டன். தம்பியின் பணிக் குறிப்பில் ஒரு எச்சரிக்கை ஏறியது. அதை அவன் என்னிடம் சொல்லவில்லை. டாக்டரம்மாதான் சொன்னார்.

என் கணவருக்கு அதற்குள் முதுகில் மெல்லிய குழாய் வைத்து அது வழியாக மருந்து, நேரத்துக்கு மாத்திரை என்று மாற்றிவிட்டார்கள். "என்னால மெஷின் திரும்பி வருது, எனக்குத்தான் இல்லையாம்" என்று பொருமினார். தம்பி வந்து இருமச் சொன்னபோது இருமிவிட்டு, "ஆறு!" என்று கத்தினார். "பத்துக்கு ஆறு! எழுதிக்கோ. இனிமே பரவாயில்லைன்னு சொன்னா என்னைச் செருப்பால அடி."

"அக்கா இருக்கும்போது எனக்கு எதுக்கு மாமா அந்த வேலை?"

மூன்றாம் நாள் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு இளம்பெண் வந்தாள். பித்தப்பைக் கோளாறு முற்றிச் சிக்கலாகி வயிற்றைத் திறக்க வேண்டியதாகிவிட்டதாம். கூட அவள் அம்மா. திரும்பி வந்த பம்புகளில் ஒன்றை அவளுக்கு மாட்டினான் தம்பி. பட்டனைக் கொடுக்கவில்லை. முதலில் அந்த அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"அம்மா, இந்தப் பட்டன் உங்க பொண்ணு கைக்கு மட்டும்தான். அவங்க கெஞ்சினாலும் நீங்க தொடக் கூடாது. தூங்கிட்டாங்கன்னா, விட்டா வலி முழிச்சுக்குமேன்னு உங்களுக்குத் தோணும். தோணத்தான் செய்யும். ஆனா தூங்கறவங்களுக்கு மருந்து வேண்டாம். வலி வந்தா அவங்களே முழிப்பாங்க, அவங்களே அழுத்துவாங்க. எங்க, நான் சொன்னதச் சொல்லுங்க."

அந்த அம்மா ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லிவிட்டு, "தூக்கத்துலயே முனகினா, தம்பி? வலிக்குதுன்னுதானே அர்த்தம்? அப்போ?" என்றார்.

அது வரை யாரும் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. தம்பி கன்னத்தைச் சொறிந்துகொண்டு யோசித்தான்.

"எழுப்புங்க" என்றான். "எழுப்பி, வலிக்குதான்னு கேளுங்க. கண்ணத் திறந்து பதில் சொன்னா, பட்டன் எங்க இருக்குன்னு மட்டும் காட்டுங்க. கூப்பிட்டும் கண்ணத் திறக்கலைன்னா வலியப் பத்திக் கவலைப்படாதீங்க, மூச்சைப் பாருங்க, எங்களக் கூப்பிடுங்க. எந்த நேரமா இருந்தாலும், சும்மா கூப்பிட்டுட்டோமேன்னு நினைக்காதீங்க."

"சரி" என்றார் அந்த அம்மா.

அவன் பட்டனைப் பெண்ணின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினான். அந்த அம்மா கட்டிலை ஒட்டி ஸ்டூலை நகர்த்திப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்தபடி, மகளின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.